குட்டை நகமும் சிவப்பும்: அழகுக் குறிப்பாளர்களுக்கு ஒரு மறுப்பு

அழகுக் குறிப்பு எழுதுவோர் நெடுங்காலமாக ஒரு விதியைச் சொல்லி வருகின்றனர். சிவப்பு நகப்பூச்சு நீண்ட விரலுக்கும் நீண்ட நகத்துக்குமே பொருந்தும். நகம் குட்டையாக இருந்தால் வெளிர் ரோஜாவோ சதை நிறமோ பூசிக்கொண்டு அடக்கமாக இருப்பது நலம் என்பது அந்த விதி. தாராள மனம் படைத்த சிலர் குட்டை நகத்துக்கும் சிவப்பை அனுமதிப்பதுண்டு, ஆனால் நிபந்தனைகளோடு. இரு ஓரங்களிலும் மயிரிழை அளவு இடம் விட்டுப் பூசுங்கள், நகம் நீளமாகத் தெரியும். நுனியைச் சதுரமாக விடாமல் வாதுமைப் பருப்பு வடிவில் அராவுங்கள், நீளமாகத் தெரியும். நடுவில் செங்குத்தாக ஒரு கோடு இழுங்கள், இன்னும் நீளமாகத் தெரியும். குட்டை நகத்துக்கான சிவப்பு யோசனைகள் என்ற தலைப்பில் பத்து இருந்தால், அவற்றில் எட்டு இப்படித்தான் இருக்கின்றன. குட்டை நகம் தான் குட்டையாக இருப்பதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டே சிவப்பை நெருங்க வேண்டும் போலும்.

எங்கள் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குட்டை நகம் குட்டை நகமாகவே, ஓரம் முதல் ஓரம் வரை, சிவப்புப் பூசிக்கொள்ளத் தகுதியுடையது. அதற்கு நீளத்தின் வேடம் வேண்டியதில்லை. இலக்கியம் பேச வந்த இடத்தில் நகப்பூச்சுக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். அவர்களிடமும் எங்களுக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

நகத்தின் நீளம் ஒரு பெண்ணின் ரசனையைக் காட்டிலும் அவளுடைய வேலையைப் பற்றியே அதிகம் சொல்கிறது. மாவு பிசைபவள், பாத்திரம் துலக்குபவள், களை பறிப்பவள், தையல் இயந்திரத்தின் ஊசிக்கடியில் துணியைத் தள்ளுபவள், நாள் முழுவதும் விசைப்பலகையில் தட்டுபவள், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுபவள் ஆகியோருக்கெல்லாம் நகம் குட்டையாகத்தான் இருக்கும். வளர்த்தால் ஒடியும், ஒடியாவிட்டால் வேலை கெடும். ஆகவே குட்டை நகத்துக்குச் சிவப்பு ஆகாது என்ற விதியின் உள்ளே வேறொரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது: வேலை செய்யும் கைக்கு இவ்வளவு நிறம் எதற்கு? வீட்டு வேலைக்கு வரும் பெண் ஒருநாள் சிவப்பு நகத்தோடு வந்து நின்றால் அந்த வாக்கியம் ஒளிந்திருப்பதில்லை. “பார்த்தாயா, சோப்பு நுரைக்குள் கையை விடுகிறவளுக்கு இது வேறு” என்று கூடத்திலிருந்து வெளிப்படையாகவே கேட்கும். அதே கூடத்தில், அதே நிறத்தில், வேறொரு கை தேநீர்க் கோப்பையைப் பிடித்திருக்கவும் கூடும்.

உண்மையில் ஓய்வின் அடையாளமாக இருந்தது நீளம்தான். சிவப்பு அதனோடு பின்னாளில் ஒட்டிக்கொண்டது. சீனத்தின் மஞ்சு அரசமாதேவி சிஷி 1903, 1904 ஆண்டுகளில் எடுத்துக்கொண்ட ஒளிப்படங்களில், அவருடைய விரல்களிலிருந்து நீண்டு நிற்பவை நகத்தைக் காக்கும் அலங்கார உறைகள். அந்தக் கை தானாக ஒரு பொத்தானைப் போட்டிருக்க முடியாது. முடியாது என்று காட்டுவதே உறையின் வேலை. உடுப்பும் அணியும் அணிந்தவர் உழைப்பிலிருந்து விலக்குப் பெற்றவர் என்று பறைசாற்றுகின்றன என்பதை தோர்ஸ்டைன் வெப்ளென் 1899-இல் ஓய்வு வர்க்கம் பற்றிய தமது நூலில் விரிவாக எழுதினார். கைத்தடி, குதிகால் உயர்ந்த காலணி, இடுப்பை இறுக்கும் கச்சு ஆகியவை அவருடைய உதாரணங்கள். நீள நகத்துக்கும் அந்த வரிசையில் இடம் உண்டு. சிவப்புக்கு இல்லை.

சிவப்பின் கதை வேறு. பொருநராற்றுப்படையில் முடத்தாமக் கண்ணியார் பாடினியைத் தலைமுடி தொடங்கி அடி வரை வருணித்துக்கொண்டு வருகிறார். விரலுக்குக் காந்தள் உவமை. உகிருக்குக் கிளியின் வாய். நம் ஊர்க் கிளியின் மூக்கு எந்த நிறம் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உகிருக்கு அவர் தந்துள்ள அடைமொழியைக் கொண்டு, அது பெரிய நகம் என்று வாதிடுவோர் இருக்கலாம். ஆயினும் கவிஞர் உவமைக்கு அழைத்தது கிளியைத்தான், நாரையையோ கொக்கையோ அன்று. இதைவிட முக்கியமானது அடுத்த சில அடிகளில் வருவது. அதே பாடினியின் பாதம் ஓடி இளைத்த நாயின் நாவைப் போலிருக்கிறது. பரல் நிறைந்த பாதையில் நடந்து நடந்து அதில் கொப்புளம் எழுந்திருக்கிறது. சோற்றுக்காக ஊர் ஊராக நடக்கும் கலைஞர் கூட்டத்துப் பெண் அவள். ஒளிவிடும் நகமும் கொப்புளம் கண்ட காலும் ஒரே உடம்பில் இருப்பதில் கவிஞருக்கு எந்த முரணும் தெரியவில்லை. பாட்டுடைத் தலைவன் கரிகாலனுக்கும் தெரிந்திருக்காது. நம் காலத்துக்குத்தான் தெரிகிறது.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஒப்பனை செய்துகொள்ளும்போது அடிக்கு அலத்தகம் ஊட்டுகிறாள். செம்பஞ்சுக் குழம்பு என்று உரைகளில் படித்திருப்போம். அரக்குப் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பு அது. மாதவி பாடினியைப் போல வெயிலில் நடந்தவள் அல்லள். ஆனால் அவளும் ஆடல் என்ற தொழிலை உடையவள். இன்றும் பரதநாட்டியக் கலைஞர்கள் மேடையேறும் முன் விரல் நுனிகளைச் சிவக்கப் பூசிக்கொள்கிறார்களே, அதன் பயன் என்ன? கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் முத்திரை தெளிவாகத் தெரிய வேண்டும். அங்கே சிவப்பு கையின் வேலையைக் கண்ணுக்குக் கொண்டு சேர்க்கிறது.

இங்கே மருதாணியைக் கடந்து போக முடியாது. இலையைப் பாக்கும் புளியும் சேர்த்து அரைத்து, உள்ளங்கையில் வட்டமாக அப்பி, பத்து விரல் நுனிக்கும் தொப்பி போட்டுவிட்டு, இரவெல்லாம் கையை விரித்து வைத்துத் தூங்கிய தலைமுறைகள் நமக்கு உண்டு. களையெடுத்த கைகளும் சாணம் தெளித்த கைகளும் அவற்றில் அடக்கம். நகம் ஒட்ட வெட்டப்பட்டிருக்கும். மறுநாள் காலையில் அது செக்கச் செவேலென்று நிற்கும். குட்டை நகத்துக்கு இது எடுப்பாக இல்லை என்று எந்தப் பாட்டியும் சொன்னதாக நாங்கள் அறியோம். மருதாணியின் சாயப்பொருள் தோலிலும் நகத்திலும் உள்ள கெரட்டினோடு பிணைந்துகொள்கிறது. தோல் சில வாரங்களில் உதிர்ந்து புதிதாகிவிடும். நகத்தில் அப்படியில்லை, மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வீதம் அது வளர்ந்து வெளியேறும் வரை சாயம் உடன் போகும். கைவிரல் நகம் முழுவதும் புதிதாக ஏறக்குறைய 6 மாதம் ஆகும். அடியில் வெள்ளைப் பிறை ஏறிவர, மேலே சிவப்புப் பிறை தேய்ந்துகொண்டே போகும் அந்த நகத்தை நாம் அத்தனை பேரும் பார்த்திருக்கிறோம். பார்த்தவர்கள் அதை ஒழுக்கத்தோடு தொடர்புபடுத்தியதில்லை.

அதே சிவப்பு ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் அடைபட்டு வந்தபோதுதான் சிக்கல் தொடங்குகிறது. கியூடெக்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் 1917-இல் திரவ நகப்பூச்சு விற்பனைக்கு வந்தது. அந்த வணிகப் பெயர் நம் ஊர்களில் பொருளின் பெயராகவே ஆகிவிட்டது. ‘கூட்டெக்ஸ் போட்டுக்கிட்டு’ என்று பேசாத தெரு ஏது. 1932-இல் தொடங்கிய ரெவ்லான் நிறுவனம் சாயத்துக்குப் பதில் நிறமியைச் சேர்த்து, நகத்தை முழுதும் மறைக்கும் அடர்த்தியான பூச்சைக் கொண்டுவந்தது. இந்தியாவில் டாடா எண்ணெய் ஆலை நிறுவனம் லக்மேயை 1952-இல் தொடங்கியது. புட்டிக்குள் இருக்கும் படலப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சிலோ மரக்கூழிலோ உள்ள செல்லுலோஸை அமிலத்தில் இட்டுச் செய்வது. வெடிமருந்தாகவும் 1920-களில் மோட்டார் வண்டிக்குப் பூசும் வண்ணமாகவும் பயன்பட்ட அதே குடும்பம். செம்பஞ்சு மறுபிறவி எடுத்து வந்திருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. வேதியியலாளர்கள் கோபிக்கலாம். போகட்டும்.

புட்டியோடு கதையும் வந்தது. கிளேர் பூத் எழுதி 1936-இல் நியூயார்க்கில் மேடையேறிய ‘தி விமன்’ நாடகத்தில் ‘ஜங்கிள் ரெட்’ என்றொரு நகப்பூச்சு வருகிறது. அந்த நிறத்தைப் பூச வந்த ஒப்பனைக்கூடத்தில்தான் நாயகி தன் கணவனின் கள்ள உறவைப் பற்றிக் கேள்விப்படுகிறாள். சொல்பவள், அவள் கையைப் பிடித்து நகத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும் வேலைக்காரப் பெண். 1939-இல் ஜார்ஜ் குக்கர் இதைப் படமாக்கினார். சிவப்பு நகம் என்றால் கூரிய நகம், கூரிய நகம் என்றால் பிறன் மனையைக் கெடுப்பவள் என்ற சமன்பாடு அங்கே நகைச்சுவையாகவாவது இருந்தது.

நம் கதைகளில் அது நகைச்சுவையாகக்கூட இல்லை. இலக்கிய அன்பர்களிடம் எங்களுக்கு வழக்கு இருப்பதாகச் சொன்னோமே, அது இதுதான். ஒரு பாத்திரத்தைக் கெட்டவள் என்றோ, சோம்பேறி என்றோ, கணவனை மதியாதவள் என்றோ காட்ட வேண்டும். அதற்கான உழைப்பைச் செலவிட எழுத்தாளருக்கு மனமில்லை. உடனே அவளுடைய நகத்துக்குச் சிவப்புப் பூசிவிடுகிறார். வெகுசனப் பத்திரிகைத் தொடர்கதையில் இது பழகிப்போனது; திரைப்படத்தில் சொல்லவே வேண்டாம். சிற்றிதழ்ச் சிறுகதையிலும் இதே சோம்பலைக் காண்பதுதான் உறுத்துகிறது. நல்லவளுக்கு மருதாணி, மற்றவளுக்கு நகப்பூச்சு. ஒன்று இலையிலிருந்து வந்தது, மற்றொன்று கடையிலிருந்து வந்தது என்பதற்கு மேல் இந்தப் பாகுபாட்டுக்கு ஒரு காரணமும் கிடையாது. பேருந்தில் பக்கத்தில் அமர்ந்த பெண்ணின் குட்டை நகத்தில், நடுவில் மட்டும் தீவு போல எஞ்சி நிற்கும் சிவப்பு எத்தனை செய்திகளைச் சொல்லும்! எப்போது பூசினாள், எந்த விசேஷத்துக்கு, எந்த விரலால் பூண்டு உரிக்கிறாள், மீண்டும் பூச ஏன் நேரம் வாய்க்கவில்லை. எழுத வேண்டியது அங்கே இருக்கிறது.

எதிர்க்கட்சியில் ஒரு வாதத்தை மட்டும் நாங்கள் மதிக்கிறோம். அது மருத்துவமனையின் வாதம். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கைத்தூய்மை வழிகாட்டுதல், நோயாளியைத் தொட்டுப் பணியாற்றுவோர் செயற்கை நகம் அணியலாகாது என்றும், இயற்கை நகத்தின் நுனி அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பெயர்ந்து உதிரும் பூச்சில் கிருமி தங்கும் என்பதும் ஏற்கத்தக்கதே. அறுவைச் சிகிச்சைக்கு முன் பூச்சை அழிக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மயங்கிக் கிடப்பவரின் நகத்தின் நிறமும், விரலில் மாட்டும் கருவியின் அளவீடும் மருத்துவருக்குத் தேவை. இவை நோயாளியின் உயிரைக் கருதி எழுந்த விதிகள். அங்கே ஆட்சேபிக்கப்படுவது செயற்கை நகமும் நீள நகமும் உதிரும் பூச்சும் என்பதையும் கவனிக்க வேண்டும். குட்டையாக வெட்டப்பட்ட நகத்தைத்தான் அந்த விதி கேட்கிறது! துணிக்கடையில் நின்றுகொண்டே பன்னிரண்டு மணி நேரம் சேலை விரிக்கும் பெண்ணின் விரலுக்குக் கண்காணிப்பாளர் விதிக்கும் தடைக்கு இப்படி ஒரு நியாயத்தையும் காட்ட முடியாது.

வேலையும் சிவப்பும் ஒத்துப்போகாதென்று இன்னமும் கருதுவோர் அமெரிக்க மரைன் படையைப் பார்க்கலாம். 1943-இல் அங்கே பெண்களுக்கான துணைப்படை தொடங்கப்பட்டது. அவர்கள் எழுத்தர்களாக, வாகன ஓட்டுநர்களாக, விமானம் பழுதுபார்ப்போராகப் பணியாற்றியவர்கள். உதட்டுச் சாயமும் நகப்பூச்சும் தொப்பியிலுள்ள சிவப்புக் கயிற்றின் நிறத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பது சீருடை ஒழுங்கு. எலிசபெத் ஆர்டன் நிறுவனம் அதற்காகவே ‘மான்டசூமா ரெட்’ என்றொரு சிவப்பைத் தந்தது. இதில் படைக்கு ஆள் சேர்க்கும் விளம்பரத் தந்திரமும் வணிகமும் கலந்திருந்தன என்பதை நாங்கள் மறுக்கவில்லை. எண்ணெய்க் கறை படியும் கையில் சிவப்பு நிற்கும் என்ற அளவில் இந்தச் சான்று எங்களுக்குப் போதும்.

இனி, குட்டை நகத்துக்குச் சிவப்பு யோசனை கேட்பவர்களுக்கு எங்களால் இயன்றது. ஓரத்தில் இடம் விட வேண்டாம்; நிரப்பிப் பூசுங்கள். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் செங்கல் சிவப்பும், நாவற்பழத்தை நெருங்கும் அடர் சிவப்பும் நன்றாக அமைகின்றன. கிளிமூக்குச் சிவப்பு எல்லோருக்கும் அமையும். நகத்தின் அடியிலுள்ள வெண்பிறையை மட்டும் விட்டுவிட்டு மேலே பூசும் முறை 1920, 30-களில் மேலைநாடுகளில் பரவியிருந்தது. வளர்ந்து வரும் மருதாணி நகத்தின் சாயலை உடையது என்பதால் அது எங்களுக்குப் பிடிக்கும். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சு நிற்கும். முதலாவது நன்கு உலர்ந்த பிறகே இரண்டாவது. நகத்தின் நுனி விளிம்பையும் தூரிகையால் ஒருமுறை தடவிவிடுங்கள், பாத்திரம் தேய்ப்பவர்களுக்கு உதிர்வது அங்கிருந்துதான் தொடங்கும். வலது கட்டைவிரல் எப்படியும் முதலில் போகும். அதற்கு மட்டும் புதன்கிழமை வாக்கில் மறுபடி ஒரு பூச்சு.