தோற்றவர் பக்கம் நிற்போர்

வென்றவனின் வாசலில் கூட்டம் சேர்வது உலக வழக்கம். தோற்றவனின் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால்தான் உறவின் தரம் விளங்கும். இதற்கான பாடம் ஒன்று கால்பந்தாட்ட மைதானத்தில் கிடைக்கிறது. விளையாட்டுச் செய்திதானே என்று தாய்மார்களும் சகோதரிகளும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது இல்லத்துக்கும் உரிய செய்தி.

கல்கத்தாவில் 1891ஆம் ஆண்டு முஸ்லிம்கள் நிறுவிய முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் பெயரைப் பெரியவர்கள் பலர் அறிவர். கல்கத்தா லீக் போட்டியை 1933 வரை ஐரோப்பியர் அணிகளும் ஆங்கிலேயப் படைப்பிரிவுகளுமே வென்றுவந்தன. 1934இல் அந்த வரிசையை உடைத்த முதல் இந்திய அணி இதுவே. 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் பட்டம் இதன் வசமே இருந்தது. 1940இல் தில்லியில் ஆங்கிலேயப் படையணி ஒன்றை 2-1 என வென்று, டுராண்ட் கோப்பையைப் பெற்ற முதல் இந்தியக் கழகம் என்ற சிறப்பையும் அடைந்தது. அந்நாளில் அதன் பின்னால் திரண்ட கூட்டத்தைப் பற்றி வியப்படைய ஒன்றுமில்லை. கனி நிறைந்த மரத்தைப் பறவைகள் நாடுவது இயல்பு.

வியப்புக்குரியது பிற்காலத்துக் கதையே. 1947இல் நாடு பிரிந்தபோது ஆதரவாளர்கள் பலர் எல்லைக்கு அப்பால் சென்றனர். கழகம் தளர்ந்தது. இடையிடையே கோப்பைகள் வந்தாலும் பழைய நிலை திரும்பவில்லை. 1981இல் கல்கத்தா லீக்கை வென்ற பிறகு, அதே பட்டத்தை மீண்டும் காண 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. நாற்பது ஆண்டுகள்! தந்தையின் தோளில் அமர்ந்து ஆட்டம் பார்த்த சிறுவன், தானே தந்தையாகி, தலை நரைக்கும் காலம் அது. அவ்வளவு காலமும் கறுப்பு வெள்ளைச் சட்டையை மடித்து வைத்திருந்து மகனுக்குக் கொடுத்தவர்கள் இருந்ததால்தான் கழகமும் இருந்தது.

2024 ஏப்ரலில் ஐ-லீக் பட்டத்தை வென்று, நாட்டின் உயர்நிலைப் போட்டியான இந்தியன் சூப்பர் லீக்கில் அடியெடுத்து வைத்தது முகமதன். 2024 செப்டம்பரில் நம் சென்னைக்கு வந்து, சென்னையின் எஃப்.சி. அணியை 1-0 என வென்றது. அந்த ஒற்றைக் கோலை அடித்தவர் மிசோரத்தைச் சேர்ந்த லால்ரெம்சங்கா. முஸ்லிம்கள் நிறுவிய கழகத்தை இன்று பல சமயத்தவரும் தோளில் சுமக்கின்றனர் என்பது மகிழ்ச்சிக்குரியது.

அதன்பின் வந்ததோ தோல்வி மேல் தோல்வி. மோகன் பகானிடம் ஒருமுறை 0-3, மறுமுறை 0-4. ஐதராபாத்திடம் சொந்த ஊரிலேயே 0-4. அந்தப் பருவத்தின் 24 ஆட்டங்களில் வெற்றி இரண்டே, தோல்வி பதினைந்து. பதின்மூன்று அணிகளில் கடைசி இடம். அந்த இரண்டு வெற்றிகளும் சென்னையிலும் பெங்களூரிலும் கிடைத்தவை. சொந்த ஊர் ரசிகன் தன் மைதானத்தில் ஒரு வெற்றியைக்கூடக் காணவில்லை. எனினும் 2025 சனவரியில் அதே சென்னை அணி கொல்கத்தாவுக்கு வந்தபோது, இரண்டு கோல் பின்தங்கிய முகமதன், உரிய நேரம் முடிந்தபின் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் இரண்டையும் அடித்துச் சமன் செய்தது. இனி என்ன இருக்கிறது என்று முன்னரே எழுந்து சென்றவனுக்கு அந்த நிமிடங்கள் இல்லை. அமர்ந்திருந்தவனுக்கே அவை கிடைத்தன.

பிற நாடுகளிலும் இக்கதை உண்டு. 1965-66இல் செருமனியின் முதல்தர லீக்கில் ஆடிய டாஸ்மானியா பெர்லின் அணி, 34 ஆட்டங்களில் 28இல் தோற்றது. முதல் ஆட்டத்துக்கு 81 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். 1966 சனவரியில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு வந்தவர்களோ 827 பேர். எண்பதினாயிரவர் வெற்றியின் விருந்தாளிகள். அந்த 827 பேரே வீட்டு மனிதர்கள்.

ஆனால், நிலைத்து நிற்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. 2024 அக்டோபரில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தில், முகமதன் ரசிகர்கள் சிலர் போத்தல்களை வீசியதால் ஆட்டம் சிறிது நேரம் நிறுத்தப்பட்டது. முடிவில் 1-2 எனத் தோல்வியே கிட்டியது. மைதானத்தில் இருந்துவிட்டால் மட்டும் விசுவாசியாகிவிட முடியாது. நான் அன்பு செலுத்தினேன், அதற்கு விலையாக வெற்றியைக் கொடு என்று கேட்பவன் வணிகன். அவனுடைய அன்பு தோல்வியைக் கண்டதும் கோபமாகிவிடுகிறது. பொறுமை இல்லாத பற்று, தான் நேசிப்பவரையே தலைகுனிய வைக்கும்.

இப்போது நம் இல்லங்களைப் பார்ப்போம். தேர்வில் தவறிய மகனிடம் நாம் எப்படிப் பேசுகிறோம்? வணிகத்தில் நொடித்த மைத்துனரின் வீட்டு வாசலை மிதித்து எத்தனை மாதமாயிற்று? ஊதியம் வந்த காலத்தில் உபசரிக்கப்பட்ட முதியவர், இன்று கூடத்து மூலையில் பேச்சுத் துணையின்றி அமர்ந்திருக்கிறாரா? விட்டுச் செல்வது ஒரு குற்றம் என்றால், உடனிருந்துகொண்டே சொல்லால் அடிப்பது அந்தப் போத்தல் வீச்சுக்கு நிகரானது. தோற்றுத் திரும்பியவனுக்கு முதலில் வேண்டுவது அறிவுரையன்று. கதவு திறந்திருக்க வேண்டும். தட்டில் சோறு இருக்க வேண்டும்.

திருப்பருத்திக்குன்றத்தை அடுத்த காஞ்சி நகரின் நெசவாளரைப் பாருங்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் அவர் தறியைப் பழித்து எழுந்து போவதில்லை. அறுந்த முனைகளைத் தேடி எடுத்து முடிந்துவிட்டு, நெசவைத் தொடர்கிறார். பட்டின் அழகைப் புகழும் நாம் அந்த முடிச்சுகளைப் பார்ப்பதில்லை. அவை இல்லையேல் பட்டும் இல்லை.

சகோதர சகோதரிகளே! அறிமுகமே இல்லாத பதினோரு பேருக்காக நாற்பதாண்டு காத்திருக்க மனிதனால் முடிகிறது. ஒரே கூரையின்கீழ் வாழும் நம்மவருக்காக ஒரு கடினமான ஆண்டைப் பொறுத்திருக்க நம்மால் முடியாதா? இந்த மாதம் உங்கள் உறவில் தோற்றுப்போன ஒருவரைத் தேடிச் சென்று, கணக்குக் கேட்காமல் சிறிது நேரம் உடன் அமர்ந்து வாருங்கள்.