ஆறு வேறு, கடல் வேறு

ஆகஸ்டு 29-இல் கொடியேறி, செப்டம்பர் 8-இல் நிறைவுறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நம் தஞ்சை மண்ணிலிருந்து நடந்தே செல்வோர் பலர். காவிரியில் நீந்திப் பழகிய நம் இளைஞர் கடலையும் அவ்வாறே எண்ணிவிடுகின்றனர். ஆறு ஒரு திசையில் ஓடும்; கடலோ கரைக்கு வந்த நீரோடு ஆளையும் உள்ளே இழுக்கும்.

அவ்விழுப்பில் சிக்கினால் கரைநோக்கிப் போராடிக் களைத்துவிடாதீர்கள். கரைக்கு இணையாக நீந்தி, இழுப்பு ஓய்ந்தபின் கரையேறுங்கள். இயலாவிடில் மிதந்தபடி கையுயர்த்துங்கள். நடந்த களைப்போடும், இருளிலும் இறங்கவேண்டாம். குழந்தைகளின் கையை விடவேண்டாம்.

2004 டிசம்பர் 26-இல் அக்கரையில் உயிரிழந்த திருப்பயணிகளை நாம் மறக்கவில்லை. கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பாராது மேட்டுக்கு ஓடுங்கள்.

நேர்த்திக்கடனுக்கு முழங்காலளவு நீரே போதும். அன்னை வேண்டுவது நம் பக்தியை, துணிச்சலை அன்று. வீட்டிலும் ஒரு தாய் வழிபார்த்திருக்கிறாள்.