துடிப்பு சரியாச்சு, மேலறை சரியாச்சா?

சிறுமலையில் இருந்து திண்டுக்கல்லுக்கு இறங்க 18 கொண்டை ஊசி வளைவுகள். மலையில் தோட்ட வேலை பார்க்கும் 55 வயதுக்காரர் ஒருவருக்கு நாலைந்து மாதமாகப் படபடப்பு, மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். "வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள் வீட்டில். அதே வயதில் திண்டுக்கல் டவுனில் இன்னொருவர். கையில் மகன் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்வாட்ச். ஒருநாள் காலையில் துடிப்பு ஒழுங்காக இல்லை என்று அது எச்சரிக்க, மதியத்துக்குள் ஈசிஜி எடுத்தாச்சு. ரெண்டு பேருக்கும் டாக்டர் எழுதும் பெயர் ஒன்றுதான்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏஎஃப். ஆனால் ஒரே சிகிச்சை இருவருக்கும் ஒரே பலனைத் தராமல் போகலாம். இடைப்பட்ட மாதங்களில் முதல் ஆளின் இதய மேலறைச் சுவரே மாறிப்போயிருக்க வாய்ப்பு உண்டு.

இதயத்தில் மேலே ரெண்டு அறை, கீழே ரெண்டு அறை. மேலறைதான் ஏட்ரியம். சாதாரணமாக ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை, ஒரே இடத்தில் இருந்து மின்துடிப்பு கிளம்பி ஒழுங்காகப் பரவும். ஏஎஃப் வந்தால் மேலறையில் நிமிடத்துக்கு 350-க்கும் மேல் மின்னலைகள் தாறுமாறாகச் சுற்றும். அறை சுருங்கி விரியாது, வெறுமனே நடுங்கும். ரத்தம் தேங்கும். இடது மேலறையின் ஓரத்தில் உள்ள சின்னப் பையில் அது கட்டியாக உறைந்து, மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த அளவுக்குப் பலருக்கும் தெரியும்.

தெரியாத பாதியை நமக்குச் சொன்னவை ஆடுகள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் மோரிட்ஸ் அலெஸ்ஸி குழு 1995-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஆடுகளின் மேலறையில் கருவி பொருத்தி, ஏஎஃப் நின்றபோதெல்லாம் மறுபடி தூண்டிவிட்டார்கள். முதலில் சில விநாடிகளில் தானாக நின்றது. போகப்போக நேரம் நீண்டது. ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலான ஆடுகளுக்கு 24 மணி நேரம் தாண்டியும் நிற்கவே இல்லை. ஏஎஃப்தான் அடுத்த ஏஎஃபை வளர்க்கிறது என்ற கருத்து அங்கிருந்துதான் பரவியது.

இந்த மாற்றத்தில் ரெண்டு படி உண்டு. முதலாவது, மின்சாரம் சார்ந்தது: செல்கள் ஒரு துடிப்புக்குப் பின் ஓய்வெடுக்கும் நேரம் குறைந்துவிடும். துடிப்பைச் சீராக்கினால் இது சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ரெண்டாவதுதான் சிக்கல். மேலறை விரிந்து பெரிதாகும்; தசைநார்களுக்கு நடுவே தழும்புத் திசு படியும். சிறுமலையில் பொதி சுமக்கும் குதிரை பழகிய தடத்தில் நேராகப் போய்விடும்; பாறை சரிந்து தடம் அடைபட்டால் சுற்றிச் சுற்றித்தான் வர வேண்டும். தழும்பு விழுந்த மேலறையில் மின்னலையும் அப்படித்தான் சுற்றுகிறது. துடிப்பு சீரானாலும் இந்தத் தழும்பு அவ்வளவு சீக்கிரம் மறையாது.

"அதான் அப்லேஷன் இருக்கே" என்று கேட்கலாம். 1998-ல் பிரான்ஸின் போர்தோ நகரில் மிஷேல் அய்சகேர் குழு, ஏஎஃபைக் கிளப்பிவிடும் பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாயிலில் இருந்து வருவதைக் கண்டுபிடித்தது. அந்த வாயிலைச் சுற்றிச் சுட்டு, மின்தொடர்பைத் துண்டிப்பதுதான் இன்றைய அப்லேஷனின் அடிப்படை. வந்து வந்து போகும் ஏஎஃபுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. மேலறை விரிந்து, ஏஎஃப் நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்களுக்கோ பலன் குறைகிறது.

சரி, தழும்பையும் சேர்த்துச் சுட்டுவிட்டால்? எனக்கும் இது நியாயமான யோசனையாகத்தான் பட்டது. 2022-ல் வெளியான டிகாஃப்-2 ஆய்வில் 843 பேரிடம் சோதித்தார்கள். எம்ஆர்ஐயில் தழும்பைப் பார்த்து அதையும் சுட்டதில், வழக்கமான அப்லேஷனைவிடக் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை. 2015-ல் வந்த ஸ்டார் ஏஎஃப்-2 ஆய்விலும் கூடுதலாகச் சுட்டது உதவவில்லை. வந்துவிட்ட தழும்பை அழிக்க நம்மிடம் நல்ல வழி இல்லை. வரும் முன் தடுக்கத்தான் முடியும்.

"மாத்திரை போட்டா போதும்" சரியா?

ஏஎஃப் நோயாளிகள் பலருக்குத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவதை இன்னமும் பார்க்கலாம். இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2002-ல் 4,060 பேரிடம் நடந்த அஃபர்ம் ஆய்வு, துடிப்பை முழுதாகச் சீராக்குவதும் வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துவதும் உயிர்காப்பதில் சமம்தான் என்றது.

2020-ல் வந்த ஈஸ்ட் ஆய்வு அந்தக் கணக்கை மாற்றியது. ஐரோப்பாவில் 2,789 பேர். எல்லோரும் ஏஎஃப் கண்டறியப்பட்டு ஓராண்டுக்குள் இருந்தவர்கள். ஆரம்பத்திலேயே துடிப்பைச் சீராக்க முயன்ற அணியில் இதய மரணம், பக்கவாதம், இதயக் கோளாறு முற்றி மருத்துவமனையில் சேர்வது ஆகியவை சேர்ந்து, ஆண்டுக்கு 100 பேருக்கு 5 என்பதில் இருந்து 3.9 ஆகக் குறைந்தன. இதில் பெரும்பாலானோர் அப்லேஷனுக்குப் போகவில்லை. ஆரம்பத்தில் கொடுத்தது துடிப்பைச் சீராக்கும் மாத்திரைகள்தான். அதாவது, இங்கே பணத்தைவிட நேரம்தான் பெரிய விஷயம். அந்த நேரம் டவுன்காரருக்குக் கிடைக்கிறது, மலைக்காரருக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நம் ஊர்க் கணக்கு வேறு

ஐரோப்பிய ஆய்வை அப்படியே இங்கே தூக்கி வைக்கவும் முடியாது. இந்தியாவில் 24 மையங்களில் சுமார் 1,500 ஏஎஃப் நோயாளிகளைப் பதிவு செய்தபோது, ஏறக்குறைய பாதிப் பேருக்கு ருமாட்டிக் வால்வு நோய் இருந்தது. சராசரி வயதும் 55-க்குக் கீழேதான். சின்ன வயதில் வந்த தொண்டைப் புண், ருமாட்டிக் காய்ச்சலாக மாறி மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடுகிறது. ரத்தம் கீழே இறங்க முடியாமல் இடது மேலறையில் அழுத்தம் கூடி, அது பலூன் மாதிரி ஊதுகிறது. மேற்கில் முதுமை செய்வதை இங்கே முப்பது, நாற்பது வயதிலேயே வால்வு செய்துவிடுகிறது. இவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது வால்வைத்தான்.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தும் இவர்களுக்கு வேறு. சாதாரண ஏஎஃபில் பக்கவாத அபாயம் ஐந்து மடங்கு என்றால், ருமாட்டிக் நோயோடு சேர்ந்தால் 17 மடங்கு என்று அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1978-லேயே சொன்னது. டெஸ்ட் தேவைப்படாத புதிய மாத்திரைகள் இவர்களுக்கும் உதவும் என்று எதிர்பார்த்தோம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கணேசன் கார்த்திகேயன் முக்கியப் பங்காற்றிய இன்விக்டஸ் ஆய்வு 2022-ல் அதைத் திருப்பிப் போட்டது. 24 நாடுகள், 4,500-க்கும் மேற்பட்டவர்கள். பழைய வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்களிடம்தான் இறப்பு குறைவு.

ஆனால் வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவர்கள் ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். பொதுவாக அது 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கணும். குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தக்கசிவு. இதற்காகக் கூலி வேலையை விட்டு மலையில் இருந்து மாதா மாதம் இறங்கு என்றால் யார் இறங்குவார்? விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஐஎன்ஆர் பார்க்கும் கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. அவற்றை மலைக்கு அனுப்பலாம். 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. டோஸ் எவ்வளவு என்று அங்கிருந்து போனிலேயே சொல்லிவிடலாம்.

இன்னொன்று செலவே இல்லாதது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பிபி, சுகர் பார்க்கிறார்கள். அப்போது மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பார்க்கலாமே? தாளம் தப்பினால் ஈசிஜிக்கு அனுப்ப வேண்டியதுதான். பிபியைக் கட்டுக்குள் வைப்பதே மேலறைக்கு நல்லது. கட்டுப்படாத பிபி பல ஆண்டுகளாக அதை விரித்துக்கொண்டே இருக்கும். 2023-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், ஏஎஃப் இன்னும் வராமல் மேலறை மட்டும் பெரிதாகியிருப்பதையே நோயின் ஒரு கட்டமாகக் கணக்கில் எடுக்கிறது.

எடை கூடின ஐடி நண்பர்களுக்கும் ஒரு தகவல். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிரசாந்தன் சாண்டர்ஸ் குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 10 சதவீதமோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்கள் ஏஎஃப் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு. ஊதின மேலறையும் சிறிதானது. குடியை நிறுத்தினால் ஏஎஃப் திரும்ப வருவது குறைகிறது என்றும் 2020-ல் ஒரு ஆய்வு வந்தது. இதை நான் சொல்லித்தான் தெரியணும் என்றில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவின் பழைய எக்கோ ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். இடது மேலறையை 'எல்ஏ' என்று குறித்திருப்பார்கள். அளவு 4 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால், மேலறை ஏன் பெரிசா இருக்கு, வால்வு எப்படி இருக்கு என்று டாக்டரிடம் கேளுங்கள். ஏஎஃப் இருந்து துடிப்பு சீராகிவிட்டவர் என்றால், ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை இன்னும் தொடர்கிறதா என்றும் பாருங்கள். துடிப்புதான் சரியாயிடுச்சே என்று அவராகவே நிறுத்தியிருந்தால், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.