289-ஆம் கேள்வி

பொன்னாடையைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதா, மறுபடியுமா என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வாரத்து எரிச்சல் பொன்னாடை அல்ல, பயோடேட்டா.

அஞ்சுகிராமத்தில் ஒரு கணிதப் பேராசிரியருக்குப் பணி நிறைவுப் பாராட்டு விழா. நல்ல மனுஷர். கல்யாண மண்டபம் நிறைய ஆள். அறிமுகம் செய்ய வந்தவர் கையில் கத்தைத் தாள். கலந்துகொண்ட கருத்தரங்குகள், தலைமை தாங்கிய அமர்வுகள், பாடத்திட்டக் குழு, வினாத்தாள் தயாரிப்பு, விடைத்தாள் திருத்தும் முகாம், ஆசிரியர் குழுவில் பேர் போட்டிருக்கும் பத்திரிகைகள் என்று வரிசை எண்ணோடு வாசிக்கிறார். பந்திக்கு இலை போட்டாச்சு என்று ஆள் வந்து சொல்லியும் நிறுத்தவில்லை. "என்னவே இது, பத்திரம் பதியவா வந்திருக்கோம்?" என்றார் பக்கத்தில் இருந்த அண்ணாச்சி. சர்வே எண்ணும் நாலெல்லையும்தான் பாக்கி.

பேராசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏபிஐ என்ற புள்ளி முறையைக் கொண்டுவந்ததிலிருந்து, கருத்தரங்குக்கு இவ்வளவு, கட்டுரைக்கு இவ்வளவு என்று எண்ணி எண்ணியே வாத்தியார்களுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. ஆனால் அத்தனை பக்கத்தில் ஒரு மாணவன் பேர்கூட வரவில்லையே! அவரிடம் படித்தவர்கள் பின்வரிசையில் நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

மாணவர்களாலேயே பேர் நிற்கும் பாதர் ராசீனைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சார்ல்ஸ் ராசீன், பிரான்சிலிருந்து வந்த சேசு சபைப் பாதிரியார். பாரிசில் கணித மேதை எலி கார்த்தானிடம் முனைவர் பட்டம் வாங்கியவர். 1937-இல் இந்தியா வந்து முதலில் திருச்சி, 1939 முதல் சென்னை லயோலா. பெரிய தேற்றம் என்று அவர் பேரில் ஒன்றும் கிடையாது. ஆனால் ஐரோப்பாவில் கணிதம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்தவர். ஆந்த்ரே வெய்ல் போன்ற பெரிய கணிதக்காரர்களெல்லாம் அவருக்குச் சிநேகிதம். நம் கல்லூரிகள் பழைய கேம்பிரிட்ஜ் கணக்கையே உருப்போட்டுக்கொண்டிருந்த காலத்தில், பரீட்சைக்கு உதவாத புதுக் கணிதத்தைப் பையன்களைப் படிக்கவைத்தார்.

எனக்குப் பிடித்தது இனிமேல்தான். கெட்டிக்காரப் பையன் அகப்பட்டால் தன் நிழலிலேயே வைத்துக்கொள்ளவில்லை. பம்பாய்க்குப் போ, டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர் என்று அனுப்பிவிட்டார். அப்படி 1953-இல் போனவர்கள் எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும். 1965-இல் அவர்கள் வெளியிட்ட தேற்றம் இருவர் பேராலும் வடிவ கணிதத்திலும் இயற்பியலிலும் இன்றைக்கும் புழங்குகிறது. சி.பி. ராமானுஜமும் லயோலாவில் அவரிடம் படித்துவிட்டுப் பம்பாய் போனவர்தான். சேஷாத்ரி 1989-இல் சென்னையில் தொடங்கியதுதான் இப்போதைய சென்னை கணிதக் கழகம். நல்ல பையனை வேறு இடத்துக்கு அனுப்பிவைத்ததற்கு எந்தப் படிவத்தில் கட்டம் இருக்கிறது, எத்தனை புள்ளி?

பத்திரிகை ஆசிரியர் குழு விஷயமும் அப்படித்தான். இப்போது பேர் கொடுத்தால் போதும். 1907-இல் வி. ராமசாமி ஐயர் என்ற துணை கலெக்டர் தொடங்கிய இந்தியக் கணிதக் கழகத்தின் பத்திரிகைக்கு, பெங்களூர் எம்.டி. நாராயண ஐயங்கார் ஆசிரியர். கும்பகோணத்து ராமானுஜன் அனுப்பிய கட்டுரை லேசில் பிடிபடாது. நாலு படி தாண்டி ஐந்தாவது படியில் நிற்பான் பையன். ஐயங்கார் குப்பையில் போடவில்லை. திருப்பி அனுப்பி, விளக்கி எழுதச் சொல்லி, மறுபடி வாங்கிப் பார்த்து 1911-இல் அச்சேற்றினார். ராமானுஜனின் முதல் கட்டுரை அது.

அதே வருஷம் பத்திரிகையின் கேள்விப் பகுதியில் ராமானுஜன் கேட்டதுதான் 289-ஆம் கேள்வி. ஒரு வர்க்கமூலம். அதற்குள் 1 கூட்டல், 2 மடங்கு இன்னொரு வர்க்கமூலம். அந்த வர்க்கமூலத்துக்குள் 1 கூட்டல், 3 மடங்கு வேறொரு வர்க்கமூலம். அதற்குள் 4 மடங்கு, அதற்குள் 5 மடங்கு என்று முடிவில்லாமல் போகும். மொத்த மதிப்பு என்ன? மாதக்கணக்கில் ஒருத்தரும் விடை எழுதவில்லை. கடைசியில் கேட்டவரே சொன்னார்.

விடை ஒற்றை இலக்கம். 16-ஐ 1 + 3 × 5 என்று பிரித்து எழுதத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை முட்டிமோதிப் பிடித்துவிடும். தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள், அடுத்த வாரம் பார்ப்போம். கணக்கு வாத்தியார்களுக்கு அனுமதி கிடையாது.