கூத்தாடி யார்?

அண்மையில் திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த மண்டபமொன்றில் நடந்த விழாவில் பெரியவர் ஒருவர் பேசினார். மேல்நாட்டு ஓபராப் பாடகரின் பயிற்சியையும் குரல் வளத்தையும் வாயாரப் புகழ்ந்தார். அதே மூச்சில், நமது இசை நாடகத்தைக் ‘கூத்தாடிகளின் பிழைப்பு’ என்று ஒதுக்கினார். அவை கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கே நாம் மறுமொழி கூற விழைகின்றோம்.

ஓபரா என்பது யாது? பயின்ற குரலொன்று, ஒலிபெருக்கியின் துணையின்றி, கதையைப் பாடி நடித்துக் கடைசி வரிசைவரை கொண்டு சேர்ப்பது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த நாடக மேடையில் நிகழ்ந்ததும் இதுவன்றோ?

கே. பி. சுந்தராம்பாளை எண்ணிப் பார்ப்போம். 1908இல் கொடுமுடியில் பிறந்தவர். வறுமையால் ரயிலில் பாடிய சிறுமி. நாடகக் குழுவே அவருக்குப் பள்ளியாயிற்று. 1920களில் கடல் கடந்து இலங்கைக்கு வந்து பாடினார். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் அவர் இணைந்து மேடையேறியதும் இங்கேதான். 1933இல் கிட்டப்பா 27 வயதிலேயே மறைந்தார். சுந்தராம்பாள் வெள்ளாடை பூண்டார். ஆடவருக்கு இணையாக நடிப்பதில்லை என்று உறுதிகொண்டார்.

பின்னர், 1935இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் அவரே நந்தனாக நடித்தார். ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். வேதியராக எதிரே நின்றவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். இருவர் பாடியதும் ஒரே இராகங்களை. ஒருவர் வித்துவான், மற்றவர் கூத்தாடி என்று பிரித்த கோடு எங்கே கிடந்தது? இசையிலா? இல்லை, பிறப்பிலும், எதிரே அமர்ந்து கேட்டவர் யார் என்பதிலுமே கிடந்தது.

“1970இல் அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தார்களே!” என்பார்கள். அளித்தார்கள், திரைப்படம் அவரைப் புகழேற்றிய பின்னர். விடியவிடியப் பாடிக் குரலை இழந்த எண்ணற்ற நாடகக் கலைஞருக்கு எவர் என்ன அளித்தார்? இத்தீவிலேயே, காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து ‘அரிச்சந்திர மயான காண்டம்’ பாடியே மக்கள் நெஞ்சில் வாழ்ந்தார். சுடலை காக்கும் அடிமையாக மன்னன் நின்ற அக்காட்சியில் தம் வாழ்வையே கண்டு உழைப்பாளிகள் அழுதனர். அக்கண்ணீரை விடவா உயர்ந்தது சபாக்களின் தலையசைப்பு?

ஓபராவை நாம் வெறுக்கவில்லை. உலகக் கலை எதுவும் உழைக்கும் மக்களுக்கு அந்நியமன்று. அயலானின் கலையை வணங்கித் தன் மக்களின் கலையை மிதிக்கும் அடிமைப் புத்தியையே வெறுக்கின்றோம்.

நம் வகுப்புகளில் கடற்றொழிலாளரின் பிள்ளைகளும் துறைமுகத் தொழிலாளரின் பிள்ளைகளும் அமர்ந்திருக்கின்றனர். அலையோசையை மீறி அழைத்துப் பழகிய குரல்கள் அவை. அக்குரல்களுக்கு இராக இலக்கணத்தைப் புள்ளிகளுக்காக மனனம் செய்விப்பதோடு நம் பணி முடிந்துவிடுமா? ஆசிரியத் தோழர்களே, தவணைக்கு ஒருமுறையேனும் முதிய நாடகக் கலைஞர் ஒருவரைப் பள்ளிக்கு அழையுங்கள். உரிய ஊதியம் கொடுங்கள். அவர் பாட, பிள்ளைகள் உடன் பாடட்டும். கூத்தாடி யார் என்பதை அவர்களே சொல்வார்கள்.