மூளைக்குள் சேரும் இரும்பு

வடக்குப்பட்டிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட மடல் எழுதியிருக்கிறார். அவருடைய மாமியாருக்கு வயது எழுபத்திரண்டு. தலைச்சுற்றல் வந்ததால் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்களாம். மூளையின் உட்பகுதியில் வயதிற்கேற்ற இரும்புப் படிவு தெரிகிறது என்று அறிக்கையில் ஒரு வரி இருந்ததாம். அன்று முதல் அவ்வீட்டில் முருங்கைக்கீரை சமைப்பதில்லை. இரத்தசோகைக்கென மருத்துவர் எழுதித் தந்த இரும்புச்சத்து மாத்திரையையும் மாமியார் தொடுவதில்லை. "நாங்கள் செய்வது சரிதானா?" என்று கேட்கிறார்.

சரியன்று, அம்மா. மாத்திரையை நிறுத்த வேண்டுமாயின் மருத்துவரே நிறுத்தட்டும். அறிக்கையில் கண்ட ஒரு வரி நிறுத்த வேண்டாம். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

மூளையில் இரும்பு இருப்பது நோயன்று. நரம்பணுக்கள் உயிர்வளியைப் பயன்படுத்தி ஆற்றல் பெறுவதற்கும், நரம்பிழைகளைச் சுற்றி மயலின் உறை அமைவதற்கும், டோபமின் என்னும் செய்திக்கடத்தி உண்டாவதற்கும் இரும்பு இன்றியமையாதது. ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்களான ஹால்கிரன், சூராண்டர் இருவரும் இறந்தோர் 81 பேரின் மூளைகளை இரசாயன முறையில் ஆராய்ந்து 1958ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மூளையின் ஆழத்திலுள்ள குளோபஸ் பாலிடஸ் என்னும் சிறு பகுதியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 21 மில்லிகிராம் இரும்பு இருந்தது. ஈரலில் அவர்கள் கண்டதினும் இது மிகுதி! பிறந்த குழந்தைக்கு அவ்விடத்தில் இரும்பு மிகக் குறைவு. முதல் இருபது ஆண்டுகளில் அது விரைந்து ஏறி, முப்பது வயதுக்குப்பின் பெரும்பாலும் நிலைத்துவிடுகிறது. அதன் அருகிலுள்ள புட்டாமென் என்னும் பகுதியிலோ ஐம்பது, அறுபது வயது வரை ஏற்றம் தொடர்கிறது. ஆகவே எழுபத்திரண்டு வயதில் இரும்பு தெரிவது நரைமுடி தெரிவதைப் போன்றதே.

அப்படியாயின் அஞ்சுவதற்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. ஃபெரிட்டின் என்னும் புரதக் கூண்டுக்குள் அடைபட்டிருக்கும் வரை இரும்பு சாதுவானது. கூண்டைவிட்டு வெளியேறிய இரும்பு, ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து, அருகிலுள்ளவற்றை அரிக்கும் மூலக்கூறுகளைப் பிறப்பிக்கிறது. இதைத் துருப்பிடித்தலோடு ஒப்பிடுவோர் உண்டு. ஒப்புமை முழுதும் பொருந்தாது. இங்கே கெடுவது இரும்பன்று, அதன் அண்டையிலுள்ள உயிரணு.

வடக்குப்பட்டில் பழம்பொருள் தேடி 2022ஆம் ஆண்டு தொல்லியல் துறையினர் அகழ்ந்து பார்த்தனர். உயிருள்ளவரின் மூளையை அவ்வாறு அகழ இயலுமா? ஆகவே காந்தத்தின் துணையை நாடுகின்றனர். எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம், பூமியின் காந்த வலிமையைப் போல் பல பதினாயிரம் மடங்கு வலிமை உடையது. அதனுள் நம் உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒத்திசைந்து சுழன்று ஒரு சமிக்ஞை தருகின்றன. இரும்பு இருக்குமிடத்தில் காந்தப்புலம் சிறிது கலைகிறது, ஒத்திசைவு குலைகிறது, சமிக்ஞை விரைவில் மங்குகிறது. எனவே அவ்விடம் படத்தில் கருமையாகத் தெரிகிறது.

ஆனால் கருமை வேறு, அளவு வேறு. சுண்ணாம்புப் படிவும் கருமையாகவே தெரியக்கூடும். பழைய இரத்தக் கசிவும் அப்படியே. ஆகவே சில மில்லிசெகண்டு இடைவெளிகளில் பல படங்கள் எடுத்து, சமிக்ஞை எவ்வளவு விரைவாக மங்குகிறது என்று கணக்கிடுகின்றனர். இன்னொரு முறையில், கலைந்த புலத்தைக் கொண்டு அதைக் கலைத்த பொருள் எதுவெனப் பின்னோக்கிக் கணிக்கின்றனர். இரும்பு புலத்தை வலுப்படுத்தும், சுண்ணாம்பு எதிர்க்கும். ஆதலால் இரண்டையும் பிரித்தறியலாம். ஆஸ்திரியாவின் கிராஸ் நகர ஆய்வாளர்கள் இறந்தோர் மூளைகளை இவ்வாறு படமெடுத்து, பின் அதே மூளைகளின் இரும்பை ஆய்வுக்கூடத்தில் அளந்து 2010, 2012ஆம் ஆண்டுகளில் ஒப்பிட்டுக் காட்டினர். இரும்பு மிகுந்த ஆழ்பகுதிகளில் இரண்டும் நன்கு ஒத்தன. நரம்பிழைகள் செறிந்த வெண்பகுதியிலோ மயலின் குறுக்கிட்டுக் கணக்கைக் குழப்புகிறது. இவையெல்லாம் ஆராய்ச்சிக்கூட அளவைகள். வாசகியின் கையிலுள்ள அறிக்கையோ, பெரும்பாலும் கண்ணால் பார்த்து எழுதிய குறிப்பே.

பார்க்கின்சன் நோயாளிகளின் நடுமூளையில் இரும்பு மிகுந்திருப்பது உண்மை. அதை அகற்றினால் நோய் தணியும் என்று எதிர்பார்த்து, ஐரோப்பாவில் 372 நோயாளிகளிடம் டெஃபெரிப்ரோன் என்னும் மருந்தை 36 வாரம் சோதித்தனர். அவர்களுள் ஒரு பாதியினருக்கு மருந்து, மறுபாதியினருக்கு வெறும் மாத்திரை. 2022இல் முடிவு வெளிவந்தது. மருந்து உண்டவர்களின் மூளையில் இரும்பு குறைந்ததை எம்.ஆர்.ஐ. காட்டியது, அவர்களது நோயோ மற்றவர்களினும் மோசமாயிற்று! அல்சைமர் நோயிலும் இதே மருந்தைச் சோதித்து 2024இல் வெளியான ஆய்வு, நினைவாற்றல் இன்னும் விரைந்து குன்றியதாகவே கூறியது. படத்தில் கண்ட இரும்பையெல்லாம் பகையெனக் கொள்வது எத்துணைத் தவறென்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மேலும், இரத்தத்திலுள்ள இரும்பும் மூளையிலுள்ள இரும்பும் ஒரே பாத்திரத்து நீரல்ல. இடையே உள்ள இரத்த-மூளைத் தடுப்பு வரவைக் கட்டுப்படுத்துகிறது. மூளையில் படிவு தெரியும் ஒருவர் உடலில் இரத்தசோகையோடு இருக்கலாம். 2019–21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். முதுமையில் அதே குறை தளர்ச்சியையும் தலைச்சுற்றலையும் தரும். அம்மூதாட்டியை மருத்துவரிடம் மீண்டும் அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கீரையையும் மீண்டும் அடுப்பில் ஏற்றுங்கள்.

முதுமை மூளை பற்றிய அளவுகள் பெரும்பாலும் மேனாட்டாரிடம் எடுக்கப்பட்டவை. நம் நாட்டுக் கிராம மக்களையும் ஆராய, பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையம் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில் 45 வயதைக் கடந்த 10,000 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் திட்டத்தை மேற்கொண்டுள்ளது.

ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இரு செய்திகள். வெல்டிங் புகையிலுள்ள மாங்கனீசு, நீண்டநாள் சுவாசித்தால், அதே குளோபஸ் பாலிடஸ் பகுதியில் சேரக்கூடும். அது ஒருவகைப் படத்தில் வெண்மையாகத் தெரியும். ஆகவே தொழில் என்னவென்று மருத்துவரிடம் தவறாமல் சொல்லுக. கிரைண்டரிலும் லேத்திலும் வேலை செய்து, என்றேனும் கண்ணில் இரும்புத் துகள் தெறிக்கப்பெற்றவர்கள், பல ஆண்டுகள் கழிந்திருப்பினும், எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழையுமுன்னரே அதைத் தெரிவிக்க வேண்டும். கண்ணுக்குள் தங்கிய துகளைக் காந்தம் அசைத்தால் பார்வையே போகக்கூடும். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, துகள் ஏதுமில்லை என்று உறுதியான பிறகே உள்ளே அனுப்புவர்.