ஃபோர்மற் அடிக்க முதல் டி-யைத் திறந்து பாருங்கோ

"தங்கச்சி, விண்டோஸ் பழுதாப் போச்சு. ஃபோர்மற் அடிச்சாச் சரி. பின்னேரம் வந்து எடுங்கோ."

யாழ்ப்பாணத்தில் பழைய லப்டொப் வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்த வசனம் பாடம். அரியாலையில் இருக்கிற என் தோழி ஒருத்திக்கும் போன வருசம் இதைத்தான் சொன்னார்கள். ஆய்வுக்கட்டுரை குடுக்க இரண்டு கிழமை இருந்தது. குரோமில் நாலு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேர்டைத் திறந்தால், மெமரி குறைவு, கோப்புகளைச் சேமித்துவிட்டு புரோகிராம்களை மூடு என்று ஒரு பெட்டி வந்து குந்தும். கடையில் "பக்கப் இருக்கோ?" என்று கேட்டார்கள். "எல்லாம் டி-யில இருக்கு" என்று அவளும் நம்பிச் சொன்னாள்.

டி-யில் ஒன்றும் இருக்கவில்லை. அவள் சேமித்ததெல்லாம் டெஸ்க்டொப்பில். டெஸ்க்டொப் இருக்கிறது சி-யில். ஃபோர்மற் துடைக்கிறதும் சி-யைத்தான்.

போனது பதினொரு குரல் பதிவுகள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் வெளிக்கிட்டு, அரியாலையைக் கடந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழைக்குள் நடந்த கதைகள். பதிவில் கதைத்த அம்மம்மா ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. அவரிடம் போய்த் திரும்பக் கேட்க ஏலாது.

மெஷின் திரும்பி வந்த பிறகு நான் திறந்து பார்த்தேன். சி 80 ஜீபி. டி 385 ஜீபி, முழுக்க வெறுமை. எனக்குக் கோவம் வந்தது அந்த இடத்தில்தான். அந்த மெஷினில் பழுது எதுவுமே இருக்கவில்லை. இடம் இல்லாமல் போனது ஒரு அறையில் மட்டும். பக்கத்து அறை பூட்டியே கிடந்தது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளங்கப்படுத்துகிறேன். ரேம் என்பது நீங்கள் இருந்து படிக்கிற மேசை. சின்ன மேசை. அதில் இடம் முடிந்தால், இப்போதைக்குத் தேவையில்லாத புத்தகத்தை எடுத்து அலுமாரியில் வைப்பீர்கள், தேவைப்பட்டால் திரும்ப எடுப்பீர்கள். விண்டோசும் அதைத்தான் செய்கிறது. அந்த அலுமாரி, ஹார்ட் டிஸ்கில் இருக்கிற பேஜ்ஃபைல் என்ற கோப்பு. மேசையும் அலுமாரியும் சேர்ந்ததுதான் புரோகிராம்களுக்குக் கிடைக்கிற மொத்த இடம். 4 ஜீபி ரேம் உள்ள மெஷினில் இந்தக் கோப்பு பல ஜீபி வரை வளர வேண்டி வரும். ஆனால் அது வழமையாக இருக்கிறது சி-யில். சி-யில் 1 ஜீபிதான் மிச்சம் என்றால் எங்கே வளர்வது? அப்போதுதான் அந்தப் பெட்டி வருகிறது. "உன்ர மெஷின் செத்துப்போச்சு" என்று அது சொல்லவில்லை. "அலுமாரியில இடமில்லை" என்றுதான் சொல்கிறது.

ஃபோர்மற் அடித்தால் ஏன் சரியாகிறது? சி வெறுமையாகிறது, அவ்வளவுதான். சி-யின் அளவு அதே 80 ஜீபி. ஆறு மாதத்தில் அது திரும்ப நிரம்பும், திரும்ப அதே கடை, திரும்ப அதே வசனம். அடுத்த முறை "இது பழசு, புதுசு ஒண்டு பாருங்கோ" என்பதும் சேரும்.

புதுசு ஒண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360-ஐத் தொட்ட நாடு இது. டொலரில் வாங்கி வருகிற சாமானைப் "புதுசாப் பாருங்கோ" என்று எவ்வளவு லேசாகச் சொல்கிறோம்!

இதில் மென்பொருள் கம்பனிகளை நான் சும்மா விடப்போவதில்லை. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி குறைந்தது 64 எம்பி ரேம் கேட்டது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜீபி ரேமும் 64 ஜீபி டிஸ்க் இடமும் கேட்கிறது. ரேம் மட்டும் 64 மடங்கு. அன்றைக்குப் பாமினி எழுத்துருவில் தட்டின அதே கட்டுரையைத்தான் இன்றைக்கு யூனிகோட்டில் தட்டுகிறோம். 2025 ஒக்ரோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவையும் நிறுத்திவிட்டார்கள். எத்தனையோ மெஷின்கள் ஓடக்கூடிய நிலையில் இருக்கும்போதே "பழசு" என்று பேர் வாங்கின.

பகிடி என்னவென்றால், மெய்நிகர் நினைவகம் என்ற இந்த யுக்தியே மெமரி தட்டுப்பாட்டில் பிறந்தது. 1962-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டொம் கில்பேர்னின் குழு கட்டின அட்லஸ் கணினியில் வேகமான நினைவகம் 16 ஆயிரம் சொற்களளவுதான். அது பயங்கர விலை. அதனால் மெதுவான, மலிவான காந்த உருளையில் இன்னும் 98 ஆயிரம் சொற்களளவு இடத்தைச் சேர்த்து, இரண்டும் ஒன்றே போல புரோகிராமுக்குக் காட்டினார்கள். இருக்கிறதை வைத்துச் சமாளிக்கக் கண்டுபிடித்த வழி அது. அந்த வழியில் சின்னத் தடங்கல் வந்தால், நாங்கள் உடனே மெஷினையே மாற்றப் பார்க்கிறோம்.

சமாளிக்கிறது எங்களுக்குப் புதுசா? 90-களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டவை எங்கட அப்பாமார். பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெய்யில் மோட்டார் சைக்கிள் ஓட்டினவை. அவையில் கனபேர் இஞ்சினியர்கள் இல்லை. தங்கட கையில் இருக்கிற சாமான் எப்படி வேலை செய்யுது என்று தெரிந்து வைத்திருந்தவை, அவ்வளவுதான். நாங்கள் மூன்று வருசமாக ஒரே லப்டொப்பில் படிக்கிறோம், அதில் சி எவ்வளவு டி எவ்வளவு என்று தெரியாது. கேட்டால் "நான் ஆர்ட்ஸ், உது எனக்கு விளங்காது" என்கிறோம். எங்கட பீடத்தில் இதை ஒரு பெருமை போலவே சொல்கிற ஆக்கள் இருக்கினம். நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதினொரு பதிவுகளும் போனதில் அந்த வசனத்துக்கும் பங்கு இருக்கு.

சரி, என்ன செய்யலாம்? முதலில் உங்கட வேலைகளைப் பென்டிரைவ் ஒன்றில் கொப்பி எடுங்கோ. பிறகு சி-யைப் பாருங்கோ. டவுன்லோட்ஸ், சூம் வகுப்புப் பதிவுகள், நூலகம் தளத்தில் இறக்கின பிடிஎஃப்கள், டெலிகிராம் சேர்த்து வைத்த வீடியோக்கள் எல்லாவற்றையும் டி-க்கு நகர்த்துங்கோ. டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் பதிப்பும் அப்டேட் மிச்சங்களும் இருந்தால் அழியுங்கோ. அதிலேயே கன ஜீபி வரும்.

அதற்குப் பிறகும் இடம் பத்தாவிட்டால் அலுமாரியை மாற்றலாம். செற்றிங்ஸ் தேடலில் "அட்வான்ஸ்ட் சிஸ்டம் செற்றிங்ஸ்" என்று தட்டி, பெர்ஃபோமன்ஸ், பிறகு அட்வான்ஸ்ட், பிறகு வேர்ச்சுவல் மெமரி என்று போங்கோ. மேலே இருக்கிற தானியங்கி அடையாளத்தை எடுத்துவிட்டு, சி-யில் 1 ஜீபி அளவில் சின்னதாக ஒன்றை விட்டு, டி-யில் "சிஸ்டம் மனேஜ்ட்" என்பதைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் "செற்" அழுத்தி, ரீஸ்டார்ட் பண்ணுங்கோ. டெஸ்க்டொப் ஃபோல்டரையும் அதன் புரொப்பர்ட்டீசில் லொக்கேசன் பகுதியால் டி-க்கு மாற்ற ஏலும். எல்லாம் சேர்த்து அரை மணித்தியாலம். ஒரு சதச் செலவில்லை.

யூடியூபில் சிலர் பேஜ்ஃபைலை முழுக்க நிறுத்தச் சொல்லுவினம். செய்யாதேங்கோ. மேசை நிரம்பிக் கிடக்கேக்க அலுமாரியைக் கொளுத்துகிற வேலை அது.

ரேமே பத்தாத மெஷினும் இருக்கு, அதையும் மறைக்கத் தேவையில்லை. மேசைக்கும் அலுமாரிக்கும் நடுவில் ஓடி ஓடியே நேரம் போனால் அலுமாரியைப் பெருப்பித்துப் பிரயோசனமில்லை. டாஸ்க் மனேஜரில் மெமரியும் டிஸ்கும் எந்நேரமும் நூறைத் தொட்டபடி நின்றால் ரேம் போடத்தான் வேணும். அப்படியென்றால் கடையில் அதைக் காட்டட்டும். வைத்தியர் ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டித்தானே மருந்து எழுதுகிறார்?

திருத்துகிற ஆக்களின் வயிற்றில் அடிக்கிறது என் நோக்கமில்லை. ஒரு நாளைக்குப் பத்து மெஷின் வருகிற இடத்தில் ஃபோர்மற்தான் கெதியான வழி. எங்களுக்கும் கெதியாத்தான் வேணும், அதனால் ஒன்றும் கேட்காமல் தலையாட்டுகிறோம். இனிமேல் இரண்டு கேள்வி கேட்போம்: "என்ன பழுது?" "சி-யில என்ன இருக்கெண்டு பாத்தனீங்களோ?" பதில் வரும்வரை மெஷினை அங்கே விட்டுவிட்டு வராதேங்கோ.

தோழி இப்போது திரும்ப வீடு வீடாகப் போகிறாள். பத்துப் பேர் திரும்பவும் கதை சொல்லுவினம். அந்த அம்மம்மாவின் வீட்டுக்கு மட்டும் அவள் இன்னும் போகவில்லை.